கையடக்க விளையாட்டுப் பெட்டியின் கன்ட்ரோலர் பலகை: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

“அண்ணே, போர்டு வேலை செய்யல.” வார இறுதியில் கைப்பேசிக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே தம்பி, “பேட்டரியில ஓடும்போது மட்டும், சத்தத்தைக் கூட்டினா ஆஃப் ஆவுது” என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. பிழை மின்சாரத்திலா, யூஎஸ்பி இணைப்பிலா, பொத்தானிலா, நிரலிலா என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்துவிட்டால் அளக்க வேண்டிய இடங்கள் இரண்டோ மூன்றோதான். அதனால்தான் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பலகை என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

நான் மனத்தில் வைத்திருப்பது பினாங்கில் எங்கள் வட்டத்தில் அதிகம் செய்யும் அமைப்பு. ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ விளையாட்டை ஓட்டும். ஆர்பி2040 சிப்பை வைத்து நாமே வரைந்த பலகை, பொத்தான்களையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் படித்து, யூஎஸ்பி கேம்பேடாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும். கூடவே ஒரு லித்தியம் பேட்டரி, சார்ஜ் மாட்யூல், 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர், ஒலிக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர். ஏடிமெகா32யூ4 வைத்துச் செய்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; மாறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ஸீரோவையும் பிரித்து வையுங்கள். மேசையில் கன்ட்ரோலர் பலகை மட்டும் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு மடிக்கணினி. ‘பீப்’ ஒலி தரும் மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கி, ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் பசை). இவ்வளவு போதும். சோல்டரிங் அயர்னைச் சூடாக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். அளக்காமல் சூடு காட்டிய பலகையில், முதலிலேயே இருந்த பிழை எது, நம் கையால் புதிதாகச் சேர்ந்தது எது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

முடிந்தால் கடையில் வாங்கிய நல்ல பிக்கோ (ஆர்பி2040 சிப் உள்ள ராஸ்பெர்ரி பையின் சிறு பலகை) ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பினாங்கைச் சேர்ந்த சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் பை பிக்கோ இதற்கு மிகவும் உதவும். ஜிபிஐஓ பின்களின் (பொத்தான் போன்றவற்றை இணைக்கும் பொதுக் கால்களின்) நிலையைக் காட்டும் எல்இடி விளக்குகள் அதிலேயே இருக்கின்றன. உங்கள் ஃபர்ம்வேரை, அதாவது பலகைக்கான நிரலை, அங்கே ஏற்றி, ஒரு கம்பியால் ஒவ்வொரு பின்னையும் கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் நிரலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எதுவுமே எரியவில்லை, அல்லது சிப் சுடுகிறது

மின்சாரம் கொடுக்காமலே முதலில் அளக்க வேண்டியது 3.3 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான ஓம். பீப் அடித்தால், அதாவது சில ஓம்தான் காட்டினால், எங்கோ ஷார்ட். ஆர்பி2040 சிப்பின் கால்கள் மிக நெருக்கமானவை. இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டிருப்பதுதான் அதிகம் நடப்பது. ஃபிளக்ஸ் தடவி, சுத்தமான அயர்ன் முனையால் ஒரே ஒரு முறை இழுத்தால் பெரும்பாலும் விலகிவிடும். அது இல்லையென்றால் 5 வோல்ட் நுழையும் இடத்தில் உள்ள கெப்பாசிட்டரைப் பாருங்கள். வெடிப்பு விட்ட செராமிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஷார்ட் இல்லை, ஆனாலும் உயிர் இல்லை என்றால் மின்சாரம் கொடுத்துவிட்டு மூன்று இடங்களில் வோல்ட் பாருங்கள்: யூஎஸ்பி வந்து சேரும் இடத்தில் 5, ரெகுலேட்டருக்குப் பின் 3.3, சிப்பின் உள் ரெகுலேட்டர் வெளியே தரும் காலில் 1.1. முதல் இரண்டும் இருந்து 1.1 மட்டும் இல்லையென்றால், அந்தக் காலுக்கு அருகில் இருக்க வேண்டிய 1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரையும் சிப்பின் அடிவயிற்றில் உள்ள கிரவுண்ட் தளத்தையும் பாருங்கள். அந்தத் தளத்தில் ஈயம் பிடிக்காமல் விட்டால் சிப்புக்குக் கிரவுண்டே கிடையாது. ஆர்பி2040க்கு அதுதான் கிரவுண்ட்.

5 வோல்ட்டே வரவில்லையா? கேபிளின் இரு முனையும் டைப்-சி என்றால், பலகையில் உள்ள டைப்-சி சாக்கெட்டின் இரண்டு சிசி கால்களிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அவை இல்லாமல் சார்ஜர் மின்சாரமே தராது. பழைய அகல முனைக் கேபிளில் ஓடும், புதுக் கேபிளில் ஓடாது என்றால் இதுதான் காரணம். இரண்டு சிசி கால்களையும் ஒன்றாக இணைத்து ஒரே ரெசிஸ்டரைப் போடுவதும் கூடாது. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் பதிப்பில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள்களில் சார்ஜர் அதற்கு மின்சாரம் தர மறுத்தது.

பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை. பேட்டரி முனையில் வரும் வெள்ளை ஜேஎஸ்டி இணைப்பானில் எது பிளஸ், எது மைனஸ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு கடை சிவப்புக் கம்பியை இடப்பக்கம் வைக்கும், இன்னொரு கடை வலப்பக்கம் வைக்கும். இணையத்தில் வாங்கிய புது பேட்டரியைச் செருகும் முன், மல்டிமீட்டர் வைத்துப் பலகையில் அச்சடித்த குறியுடன் ஒப்பிடுங்கள். தலைகீழாகச் செருகினால் சார்ஜ் சிப் நொடியில் போய்விடும். பேட்டரி உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அதை ஒதுக்கி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, கணினி பலகையைக் கண்டுகொள்ளவில்லை

கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், வேறு எதுவும் நடக்காது. கைப்பேசிப் படங்களைக் கணினிக்கு அனுப்பப் பயன்படும் கேபிள் ஒன்றை இதற்கென்றே அடையாளம் வைத்து எடுத்து வையுங்கள்.

அடுத்து, பூட்செல் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகுங்கள். ‘ஆர்பிஐ-ஆர்பி2’ என்ற பெயரில் ஒரு டிரைவ் தோன்ற வேண்டும். இந்த ஒரு சோதனை பலகையின் பாதியை அலசிவிடுகிறது. இந்த டிரைவைக் காட்டும் நிரல் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்தது. உங்கள் ஃபர்ம்வேருக்கும், அதைச் சேமிக்க வெளியே உள்ள ஃபிளாஷ் சிப்புக்கும் இதில் பங்கில்லை. டிரைவ் தோன்றினால் மின்சாரம், கடிகாரத் துடிப்பு தரும் படிகம், யூஎஸ்பி தடங்கள் மூன்றும் நலம்.

தோன்றவில்லை என்றால் அந்த மூன்றில் ஒன்று. மின்சாரத்தை ஏற்கனவே அளந்துவிட்டோம். யூஎஸ்பியில் டி பிளஸ், டி மைனஸ் கம்பிகள் இடம் மாறியிருப்பது நாமே வரைந்த பலகையில் மிகச் சாதாரணம். அப்படி மாறினால் கணினி ஒரேயடியாக மௌனமாக இருக்காது. ‘அடையாளம் தெரியாத சாதனம்’ என்று முனகும். முழுவேகச் சாதனம் டி பிளஸ் தடத்தில் புல்-அப் (தடத்தை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வைத்துத் தன்னைத் தெரிவிக்கும். தடம் மாறினால் கணினி அதைக் குறைவேகச் சாதனம் என்று எடுத்துக்கொண்டு பேசப் பார்க்கும், பதில் புரியாமல் கைவிடும். ஆகவே கணினி எந்தச் சத்தமும் போடாமல் இருந்தால் தடம் அறுந்திருக்கிறது, குழம்பிப் பேசினால் தடம் மாறியிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். சிப்புக்கு அருகே இரு தடத்திலும் 27 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் பீப் பார்த்தால் அறுந்த இடம் தெரியும்.

கேபிளைத் திருப்பிச் செருகினால் ஓடுகிறது, நேராகச் செருகினால் ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம். டைப்-சி சாக்கெட்டில் டி பிளஸுக்கு இரண்டு கால், டி மைனஸுக்கு இரண்டு கால். நான்கையும் ஜோடி ஜோடியாகப் பலகையிலேயே சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்ந்திருக்கிறது, அல்லது ஒரு காலில் ஈயம் பிடிக்கவில்லை.

டிரைவ் தோன்றுகிறது, ஃபர்ம்வேரைப் போட்டால் மறைந்து, மறுபடியும் அதே டிரைவாகவே வருகிறதா? சிப்பால் ஃபிளாஷைப் படிக்க முடியவில்லை. ஃபிளாஷ் சிப்பின் எட்டுக் கால்களையும் பாருங்கள். குறிப்பாகத் தேர்வுக் கால் கிரவுண்டோடு ஒட்டியிருந்தால், பூட்செல் பொத்தானை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பதாகவே சிப் நினைக்கும், ஏனென்றால் அந்தப் பொத்தான் செய்யும் வேலையும் அதுவே.

இன்னொரு வகை உண்டு: ஃபர்ம்வேர் ஏறியது, சில நேரம் ஓடுகிறது, சில நேரம் செருகியவுடன் எழுவதில்லை, மறுபடி செருகினால் எழுகிறது. இது பெரும்பாலும் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் நிலைபெறுவதற்குள் நிரல் அவசரப்படுவது. மலிவான படிகம் மெதுவாக எழும். நிரல் எழுதப் பயன்படும் பிக்கோ எஸ்டிகே தொகுப்பில் படிகத்துக்கான தொடக்கத் தாமதத்தைப் பெருக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை 64 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். கூடவே படிகத்தின் இரு பக்கக் கெப்பாசிட்டர்களும் அந்தப் படிகத்துக்கு ஏற்ற அளவுதானா என்று பாருங்கள்.

ஏடிமெகா32யூ4 வைத்தவர்களுக்கு வேறு வழி. ரீசெட்டை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் சுமார் 8 விநாடி பூட்லோடரில் நிற்கும். அதற்குள் நிரலை ஏற்ற வேண்டும். கேம்பேட் நிரல் யூஎஸ்பியைக் கெடுத்து வைத்திருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

கணினியில் தெரிகிறது, ஸீரோவில் தெரியவில்லை என்றால் பிழை பலகையில் இல்லை. ஸீரோவில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி துளைகள் இருக்கின்றன. ஓரத்தில் உள்ளது மின்சாரத்துக்கு மட்டும். மற்றதில், ஓடிஜி கேபிளோடு செருகுங்கள்.

ஒரு பொத்தான் எப்போதும் அழுத்தியபடியே இருக்கிறது

டாக்ட் சுவிட்ச் (‘டிக்’ என்று அழுந்தும் நான்கு கால் சிறு சுவிட்ச்) என்றால் அதைக் கழற்றிப் பார்க்கும் முன் திசையைப் பாருங்கள். அந்த நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள்ளேயே இணைந்தவை. சுவிட்சை 90 பாகை திருப்பி வைத்துவிட்டால், அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இணைப்பு உண்டு. பலகை வரையும்போதே மூலைக்கு மூலை எதிராக உள்ள இரண்டு கால்களைப் பயன்படுத்தினால் எப்படித் திருப்பி வைத்தாலும் சரியாக ஓடும். அடுத்த பலகையில் அப்படி வரையுங்கள்.

பெட்டிக்கு வெளியே சரியாக இருந்து, உள்ளே பூட்டினால் மட்டும் அழுந்துகிறதா? பெட்டியின் உயரம் போதவில்லை, திருகு பலகையை வளைக்கிறது. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்த பெட்டி 60 பாகை செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும். மதியம் காரில் விட்ட பெட்டி வளைந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிஇடிஜி கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். வெளியே எடுத்துப் போகும் பெட்டிக்கு அதுவே நல்லது.

2024இல் வந்த ஆர்பி2350 சிப்புக்கு மாறியவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கலாம். அதன் முதல் வெளியீட்டில் ஒரு குறை உண்டு. உள் புல்-டவுன் (காலைக் கிரவுண்டு பக்கம் இழுக்கும் ரெசிஸ்டர்) வைத்த சிப் கால், ஒரு முறை மேலே ஏறியதும் முழுதாகக் கீழே இறங்காமல் 2 வோல்ட் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். பொத்தானை 3.3 வோல்ட்டோடு இணைத்தவர்களுக்கு, விரலை எடுத்த பிறகும் அழுத்தம் தொடரும். பொத்தானைக் கிரவுண்டோடு இணைத்துப் புல்-அப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராது. பழைய பலகையைக் காப்பாற்ற வேண்டுமானால் வெளியே 8.2 கிலோஓம் அல்லது அதற்குக் குறைவான புல்-டவுன் ரெசிஸ்டர் சேர்க்கலாம்.

ஒரு பொத்தான் மட்டும் செத்துக் கிடக்கிறது

மின்சாரம் கொடுத்துவிட்டு, அந்தப் பொத்தானுக்கான சிப் காலில் வோல்ட் பாருங்கள். அழுத்தாதபோது 3.3, அழுத்தினால் 0. இது சரியாக இருந்தால் பொத்தான் நலம், நிரலில் பின் எண் தவறு. அழுத்தியும் 3.3லேயே நின்றால் பொத்தானுக்கும் சிப்புக்கும் நடுவே எங்கோ இணைப்பு இல்லை. பெரும்பாலும் அது சரியாகப் பிடிக்காத ஈயம்.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸ் வணிக மண்டலம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகு, பினாங்கில் எத்தனையோ குடும்பங்களின் பெண்கள் அந்தத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தார்கள். அத்தையும் அவர்களில் ஒருவர். எங்கள் பலகையைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, “பளபளன்னு இருக்கான்னு பாக்காதே கண்ணா, ஈயம் காலை நனைச்சு ஏறியிருக்கான்னு பாரு” என்றார். அதுதான் சரியான அளவுகோல். ஈயம் கலக்காத சோல்டர் நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். காலின் பக்கவாட்டில் வழுக்கி ஏறாமல், முத்துப்போல உருண்டு நிற்பதே பிடிக்காத இணைப்பு. ஈயம் கலந்த 63/37 வகை 183 பாகையிலேயே உருகும், ஈயம் இல்லாதது சுமார் 217க்கு மேல்தான். இரண்டையும் ஒரே சூட்டில் வேலை வாங்கப் போனால் பாதி இணைப்புகள் இப்படித்தான் நிற்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அத்தையோ அக்காவோ மாமாவோ இருந்தால் பலகையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தக் கண்ணுக்கு இணையான கருவி நம்மிடம் இல்லை.

ஒன்றல்ல, நான்கு பொத்தான்கள் சேர்ந்து செத்திருக்கின்றன, சிப் ஏடிமெகா32யூ4, அதுவும் கடையில் வாங்கிய வெறும் சிப் என்றால் ஈயத்தைத் தொடாதீர்கள். அதன் எஃப் போர்ட்டில் 4 முதல் 7 வரையிலான கால்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஜேடேக் என்ற பிழைதேடும் வசதிக்கு ஒதுக்கப்பட்டவை. ஆர்டுயினோ பலகைகளில் அதை முன்பே அணைத்துவிட்டிருப்பார்கள். வெறும் சிப்பில் நாம்தான் அணைக்க வேண்டும். சிப்புக்குள் உள்ள ‘ஃபியூஸ்’ என்ற அமைப்பு பிட்டை மாற்றலாம். அல்லது நிரலின் தொடக்கத்திலேயே எம்சியூசிஆர் பதிவேட்டில் ஜேடிடி பிட்டை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால் போதும். இரண்டும் நான்கு கடிகாரச் சுற்றுக்குள் நடக்க வேண்டும்.

எம்சிபி23017 வைத்துப் பின்களைப் பெருக்கியவர்களும் கவனியுங்கள். அதன் ஏ, பி இரண்டு வரிசைகளிலும் கடைசிக் கால், அதாவது 7ஆம் எண், வெளியீட்டுக்கு மட்டுமே என்று தயாரிப்பாளர் தரவுத்தாளில் திருத்தம் செய்திருக்கிறார். அங்கே பொத்தான் வைத்தால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. 16 கால் என்று நம்பாமல் 14 என்று கணக்கு வையுங்கள்.

யாரும் தொடாமலே அழுந்துகிறது

என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பலகைகளில் மிகவும் கவனிக்க வேண்டிய அறிகுறி இதுதான்.

கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே பொத்தான்கள் தாறுமாறாக அழுந்தினால் புல்-அப் இல்லை. நிரலில் உள் புல்-அப்பை இயக்க மறந்திருப்பீர்கள். அதைப் போட்டதும் தீரும்.

மழைக்காலத்தில், அல்லது குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும், ஒன்றிரண்டு பொத்தான்கள் மட்டும் தானாக அழுந்துவது வேறு கதை. ரப்பர் பொத்தானுக்கு அடியில், சீப்புப் பற்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த தடங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மெல்லக் கடத்தத் தொடங்கும். ஆர்பி2040இன் உள் புல்-அப் 50 முதல் 80 கிலோஓம் வரை, அது பலவீனமானது. 3.3 வோல்ட்டில் ஓடும் சிப், 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் உறுதியாக ‘அழுத்தியது’ என்றும், 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் உறுதியாக ‘விட்டது’ என்றும் எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்ளதற்கு உத்தரவாதம் இல்லை. புல்-அப் 50 கிலோஓம் என்றால், கசிவின் தடை சுமார் 75 கிலோஓமுக்கு இறங்கும்போதே அந்த நடுப்பகுதிக்குள் போய்விடுகிறோம். வெளியே 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் கசிவு 15 கிலோஓம் வரை இறங்கினாலும் தாங்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 10 கிலோஓம் வைத்துவிடலாமே என்று தோன்றும். டாக்ட் சுவிட்சுக்கு வைக்கலாம், தாராளமாக. ரப்பர் பொத்தானுக்கு அவசரப்படக் கூடாது. அதன் அடியில் உள்ள கரி வில்லை வெறும் செம்பு அல்ல. அதற்கே சில நூறு ஓம் தடை உண்டு, தேயத் தேய, அழுக்கேற ஏற, அது கிலோஓம் கணக்கில் ஏறும். 10 கிலோஓம் புல்-அப்போடு 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டுமானால் வில்லையின் தடை சுமார் 3 கிலோஓமுக்குள் இருக்க வேண்டும். 50 கிலோஓம் புல்-அப் என்றால் 16 கிலோஓம் வரை பொறுக்கும். கசிவைத் தாங்க வலுவான புல்-அப் வேண்டும், தேய்ந்த வில்லையைத் தாங்கப் பலவீனமான புல்-அப் வேண்டும். நான் ரப்பர் பொத்தான்களுக்கு 22 கிலோஓம் வைத்து, உள் புல்-அப்பை அணைத்துவிடுகிறேன். நம் காற்றின் ஈரத்துக்கு அது இரண்டு பக்கமும் இடம் விடுகிறது.

எதுவானாலும் முதலில் கழுவுங்கள். ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றி, துலக்கியால் தேய்த்து, அழுக்கு கலந்த அந்தத் திரவம் பலகையிலேயே உலர விடாமல், சாய்த்து வடித்து, மறுபடி சுத்தமான ஆல்கஹாலால் அலசுங்கள். ஒரு துளியைத் தொட்டுத் துடைத்துவிட்டால் ஃபிளக்ஸ் இடம் மாறிப் படியுமே தவிர போகாது. அடுத்த பலகைக்குப் பொத்தான் தடங்களில் தங்கப் பூச்சு கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் ரிங்கிட் ஆகும், ஆனால் ஈயப் பூச்சின் மேடுபள்ளமும் இல்லை, கறுப்பும் ஏறாது.

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறது

சுவிட்சின் உலோகம் ஒட்டும்போது சில மில்லிவிநாடி துள்ளும். நிரலில் 5 மில்லிவிநாடி பொறுமை வைத்தால் போதும். முதல் தொடுதலை உடனே பதிந்துவிட்டு, அதற்குப் பிறகு 5 மில்லிவிநாடிக்கு அந்தப் பொத்தானைக் கவனிக்காமல் விடும்படி எழுதுங்கள். முதலில் காத்திருந்து பிறகு பதியும்படி எழுதினால் ஒவ்வோர் அழுத்தமும் தாமதமாகும், சண்டை விளையாட்டில் கை அதை உணரும். 20 மில்லிவிநாடி வைத்தும் தீராவிட்டால் நிரலை விடுங்கள், சுவிட்சை மாற்றுங்கள்.

மூன்று பொத்தான் அழுத்தினால் நான்காவது தானாக வருகிறது

பொத்தான்களை வரிசை-நிரை மேட்ரிக்ஸாக இணைத்து, டையோடு வைக்காமல் விட்டதன் விளைவு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு 1என்4148 வேண்டும், எல்லாம் ஒரே திசையில். உண்மையில் ஆர்பி2040இல் 30 ஜிபிஐஓ இருக்கும்போது 16 பொத்தானுக்கு மேட்ரிக்ஸ் தேவையே இல்லை. தனித்தனிக் காலில் இணையுங்கள்.

ஜாய்ஸ்டிக் தானாக நகர்கிறது

ஜாய்ஸ்டிக்கிலிருந்து சிப் படிக்கும் எண்களைப் பாருங்கள். 12 பிட்டில் 0 முதல் 4095 வரை. விரலை எடுத்தால் 2048க்கு அருகில் நிற்க வேண்டும். நடுவிலேயே 3100 அளவில் நின்று, கொஞ்சம் தள்ளியதும் 4095இல் முட்டிக்கொண்டால், ஜாய்ஸ்டிக்குக்கு 3.3க்குப் பதில் 5 வோல்ட் போகிறது. உடனே நிறுத்துங்கள், சிப்பின் கால் அதைத் தாங்காது.

நடுவில் நிற்கிறது, ஆனால் எண் நடுங்குகிறது என்றால் மின்சாரத்தில் அலை. நகரும் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர் வையுங்கள், 16 அளவீடுகளின் சராசரியை எடுங்கள். பிக்கோவையே பலகையில் ஒட்டியவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஜிபிஐஓ 23ஐ உயர்நிலையில் வைத்தால் அதன் ரெகுலேட்டர் நிலையான முறைக்கு மாறும், குறைந்த சுமையில் வரும் அலை அடங்கும்.

எண் நடுங்காமல், ஆனால் 2048ஐ விட்டுத் தள்ளி வேறோர் இடத்தில் அமைதியாக நின்றால் அது பிழையே அல்ல. மலிவான ஜாய்ஸ்டிக்குகள் துல்லியமான நடுவில் நிற்பதில்லை. தொடங்கும்போது நடுவை அளந்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் 5 முதல் 10 விழுக்காடு செயலற்ற வட்டம் விடுங்கள். ஒவ்வொரு முறை விட்டபோதும் வேறு வேறு இடத்தில் நின்றால் மட்டுமே உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்தி, நடுக்காலுக்கும் இரு ஓரக்கால்களுக்கும் ஓம் பாருங்கள். 10 கிலோஓம் வகையில் இரு பக்கமும் 5 கிலோஓம் சுற்றி வர வேண்டும்; மெல்லத் திருப்பும்போது எண் திடீரெனத் தாவினால் புதிதாக வாங்குங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசார் கடைகளில் கையில் எடுத்து, அளந்து பார்த்தே வாங்கலாம். இணையத்தில் வாங்குபவர்கள் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் அணைகிறது

கன்ட்ரோலர் பலகையைக் குறை சொல்லும் முன் 5 வோல்ட்டை ஸீரோவின் பின்களிலேயே அளங்கள், விளையாட்டு ஓடும்போது, சத்தம் முழுதாக இருக்கும்போது. பெரிய ராஸ்பெர்ரி பை பலகைகள் 4.63 வோல்ட் வாக்கில் மின்னல் குறி காட்டி எச்சரிக்கும்; ஸீரோ வகையில் அந்த வசதி இல்லை, அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும். பூஸ்ட் கன்வெர்ட்டரின் வாயிலில் 5 வோல்ட் இருந்து ஸீரோவில் 4.6 என்றால் நடுவில் உள்ள கம்பி மெல்லியது. வாயிலிலேயே குறைந்தால் அதற்கு முன்னால் பாருங்கள்.

கணக்கு இப்படி. 5 வோல்ட்டில் 1 ஆம்ப் வேண்டுமானால் அது 5 வாட். பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், கன்வெர்ட்டர் 90 விழுக்காடு திறனோடு உழைத்தாலும், பேட்டரியிலிருந்து சுமார் 1.6 ஆம்ப் இழுக்கும். தலைமுடிபோல மெல்லிய கம்பியும் சிறிய சுவிட்சும் அந்த ஓட்டத்தில் கால் வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரி நிரம்பியிருக்கும்போது தெரியாத பிழை, பாதி தீர்ந்ததும் தலைகாட்டுவது இதனால்தான். தடித்த கம்பி போடுங்கள், ஆம்ப்ளிஃபயருக்குக் கன்வெர்ட்டரிலிருந்தே தனிக் கம்பி இழுங்கள், அதன் பக்கத்தில் 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். கன்ட்ரோலர் மட்டும் விட்டுப்போய் மறுபடி இணைகிறது, ஸீரோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் பலகையின் 3.3 வோல்ட் ரெகுலேட்டரையும் அதன் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.

இதோடு சேர்ந்த கேள்வி: விளையாடிக்கொண்டே சார்ஜ் செய்தால் பச்சை விளக்கு வருவதே இல்லை. டிபி4056 மாட்யூல், சார்ஜ் ஓட்டம் நிர்ணயித்ததில் பத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் நிரம்பியது என்று முடிவு செய்யும். நம் பெட்டி அதைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டே இருந்தால் அது குறையவே குறையாது. பேட்டரி 4.2 வோல்ட்டிலேயே கட்டிக் கிடப்பது நல்லதல்ல. சார்ஜையும் சுமையையும் பிரித்துக் கொடுக்கும் சிப் உள்ள மாட்யூலுக்கு மாறுங்கள், அதுவரை அணைத்து வைத்தே சார்ஜ் செய்யுங்கள்.

சோதனையில் எல்லாம் சரி, விளையாட்டில் பொத்தான் மாறி வருகிறது

பலகை நலமாக இருக்கிறது. விளையாட்டை ஓட்டும் மென்பொருள் கேம்பேடை அதன் தயாரிப்பாளர் எண், சாதன எண், பெயர் ஆகியவற்றை வைத்தே நினைவில் கொள்கிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தபோது அவற்றில் ஒன்று மாறியிருந்தால், பழைய அமைப்பு கிடைக்காமல் புதுச் சாதனமாக எடுத்துக்கொள்ளும். பொத்தான் அமைப்பை மறுபடி பதிவு செய்யுங்கள். அந்த எண்களை இனி மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேர் போட்டவர்கள் எந்த முறையில் இயங்குகிறது என்றும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பொத்தானைப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் எக்ஸ்இன்புட் (எக்ஸ்பாக்ஸ் கேம்பேடு வகை) முறைக்கும் மற்ற முறைகளுக்கும் அது மாறும். பெட்டியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஆன் செய்பவர்களுக்கு, தெரியாமல் அழுந்திய பொத்தானாலேயே முறை மாறியிருக்கும். எல்லாப் பொத்தானிலிருந்தும் விரலை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். பிறகும் மாறியே வந்தால் அமைப்புப் பக்கத்தைத் திறந்து முறையை நிலையாகத் தேர்ந்தெடுங்கள்.